இறந்த பொருளும் இறுதிக் கிரியையும்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் கற்பிக்கும் எவரும் முதலில் ஆக்கியையும் அதன்பின் அழிப்பானையும் விளக்குவர். பொருளொன்று பிறக்கும்போது தானாக இயங்கும் செயல்கூறு ஆக்கி. அது மறையும்போது தானாக இயங்கும் செயல்கூறு அழிப்பான். முன்னதைக் கொன்ஸ்ட்ரக்டர் என்றும் பின்னதை டிஸ்ட்ரக்டர் என்றும் வகுப்பறையில் வழங்குகின்றோம். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேரெதிரானவை. ஆதலின் ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதும் விளங்கிவிடும் என்ற எண்ணம் மாணவரிடையே மட்டுமன்றி நூலாசிரியர் சிலரிடையேயும் நிலவுகின்றது. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், அதன் விளைவு கணனியை ஒருநாளும் படித்திராத ஒருவருடைய சம்பளம் வரை சென்று தொட வல்லது என்பதும் நான் சில ஆண்டுகளுக்கு முன் நேரிற் கண்டவை. அக்கதையைக் கூறுமுன் விடயத்தைச் சிறிது விளக்க வேண்டியுள்ளது.

பிறப்பு நிகழும் நேரத்தைச் செய்நிரலை எழுதுபவரே தீர்மானிக்கின்றார். 'இங்கே ஒரு பொருளை ஆக்கு' என்று அவர் எழுதிய வரியிலேயே ஆக்கி இயங்குகின்றது. எந்த இழை அவ்வரியை இயக்குகின்றதோ அந்த இழையிலேயே அது இயங்குகின்றது. இழை என்று ஈண்டு நான் குறிப்பது ஒரே செய்நிரலுக்குள் ஒருங்கே ஓடும் பல இயக்க ஓட்டங்களுள் ஒன்றை. இறப்பின் நிலை மொழிக்கு மொழி வேறுபடும். பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த சீ பிளஸ் பிளஸ் மொழியில், பிறப்பைப் போலவே இறப்பும் எழுதுபவரின் கையில் உள்ளது. ஒரு தொகுதிக்குள் ஆக்கப்பட்ட பொருள் அத்தொகுதியை மூடும் அடைப்புக்குறியில் அழிகின்றது. அழிப்பான் அவ்விடத்திலேயே, அவ்விழையிலேயே இயங்குகின்றது. திறந்த கோப்பை மூடுவதையும், பிடித்த பூட்டை விடுவதையும் அழிப்பானிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுபவர் நிம்மதியாக இருக்கலாம். அழிக்க மறத்தல், ஒன்றையே இரு தடவை அழித்தல் என்னும் வேறு துன்பங்கள் அம்மொழியில் உண்டு. ஆயினும் அழிப்பான் எப்போது இயங்கும் என்ற வினாவிற்குச் செய்நிரலின் எழுத்தைப் பார்த்தே விடை கூறலாம்.

அழிக்க மறத்தலாகிய துன்பத்துக்கு மருந்தாக வந்ததே குப்பை சேகரிப்பு. ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதன் அடிப்படை இருக்கின்றது. எழுதுபவர் ஆக்குவார், அழிப்பது பற்றி அவர் நினைக்க வேண்டியதில்லை. நினைவகம் தீரும் தறுவாயில், செய்நிரல் இனி எவ்வழியாலும் சென்றடைய முடியாத கலங்கள் யாவை என்று தேடி, அவற்றை மீண்டும் வெற்றுக் கலங்களாகச் சேர்த்துக்கொள்ளும் பணியை மொழியே பார்த்துக்கொள்ளும். ஐ.பி.எம். 704 இயந்திரத்திற்காக எண்ணப்பட்ட இவ்வேற்பாடு அழகானது. வெற்றுக் கலம் ஒன்றுக்குக் குணவேறுபாடு இல்லை. இன்றைக்கு மீட்டாலென்ன, நாளைக்கு மீட்டாலென்ன, ஒன்றும் குறையாது.

கோப்பு அப்படிப்பட்டதன்று. வலைத்தொடர்பு, தரவுத்தள இணைப்பு, அச்சுப்பொறி ஆகியனவும் அவ்வாறே. இவை எண்ணிக்கையிற் குறைந்தவை. மூட வேண்டிய நேரத்தில் மூடப்பட வேண்டியவை. இவற்றைத் தாங்கிய பொருளைச் சேகரிப்பான் வெறுங் கலமாகக் கருதி அள்ளிக்கொண்டு போனால், உள்ளே திறந்திருந்த கோப்பு திறந்தபடியே கிடக்கும். ஆகவே பிற்கால மொழிகள் ஒரு வாக்குறுதியைச் சேர்த்துக்கொண்டன: பொருளை அள்ளுமுன் அதற்குரிய இறுதிச் செயல் ஒன்றை இயக்குவோம் என்பது அவ்வாக்குறுதி. 1995இல் அறிமுகமான ஜாவாவில் அதற்குப் பைனலைஸ் என்று பெயர். பைதனில் டெல் எனப்படும். சீ சார்ப் மொழியை வகுத்தோர் சீ பிளஸ் பிளஸ் மொழியின் அதே குறியீட்டையே இதற்கும் இட்டனர். பெயரும் வடிவமும் ஒன்றாயிருக்கப் பொருள் முற்றிலும் வேறாயிற்று. இந்த ஒரு தெரிவினால் விளைந்த மயக்கம் சிறிதன்று என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டி 31ஆம் நாளிலேதான் நடைபெறும். இறப்பு ஒரு நாள், கிரியை இன்னொரு நாள். கிரியை செய்பவரும் வேறொருவர். அழிப்பானுக்கும் இறுதிச் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குச் சொல்ல இதனினும் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அழிப்பான் இறப்போடு ஒட்டியது. இறுதிச் செயலோ இறப்பு நிகழ்ந்து, அது கண்டறியப்பட்டு, அதன்பின் எவரோ ஒருவரால் என்றோ ஒருநாள் நடத்தப்படுவது. உவமை ஓரிடத்தில் முறிகின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இங்கே கிரியைக்குரிய செயல்கூறு இறந்த பொருளினுடையதே. இறந்தவர் எழுந்து வந்து தம் கிரியையைத் தாமே செய்துவிட்டுப் போகின்றார். ஜாவாவில் அவ்வாறு எழுந்தவர் தம்மை எவரேனும் பற்றிக்கொள்ளுமாறு செய்து உயிருடன் தங்கிவிடவும் கூடும். அவர் பின்னொருநாள் மறுபடி இறந்தால் இரண்டாம் கிரியை இல்லை.

அந்த 'எவரோ' யார் என்பதே இக்கட்டுரையின் வினா. எந்த இழை இறுதிச் செயலை இயக்குகின்றது?

எளிய விடை ஒன்று உண்டு. சேகரிப்பு எந்த இழையிலே தூண்டப்படுகின்றதோ அதே இழை, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, இறந்தவற்றின் இறுதிச் செயல்களை இயக்கட்டும். வேறு இழை தேவையில்லை. ஒரே இழையுள்ள செய்நிரல் ஒரே இழையுடனேயே இருந்துவிடும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இதில் மறைந்திருக்கும் இடரை ஹான்ஸ் போம் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மிகத் தெளிவாக விளக்குகின்றது. திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல் ஒன்று உண்டெனக் கொள்வோம். அதனைப் பூட்டு ஒன்று காக்கின்றது. இழை பூட்டைப் பிடித்து, பட்டியலில் ஒன்றைச் சேர்க்கத் தொடங்குகின்றது. சேர்ப்பதற்குச் சிறிது நினைவகம் வேண்டும். நினைவகம் கேட்டதால் சேகரிப்பு தூண்டப்படுகின்றது. இறந்த இணைப்பொன்று அகப்படுகின்றது. அதன் இறுதிச் செயல் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்க விரும்பி அதே பூட்டைக் கேட்கின்றது. பூட்டு ஏற்கெனவே இவ்விழையின் கையிலேயே இருக்கின்றது.

இப்போது இரண்டிலொன்று நிகழும். பிடித்தவரையே மறுபடி அனுமதிக்காத பூட்டாயின், இழை தன்னைத்தானே எதிர்பார்த்துக்கொண்டு என்றென்றும் நிற்கும். மறுபடி அனுமதிக்கும் பூட்டாயின், இறுதிச் செயல் உள்ளே சென்று, பாதி மாற்றப்பட்ட பட்டியலை முழுமையானதென்று நம்பித் திருத்திவிட்டு வரும். முதலாவதில் கணனி உறைந்து நிற்பதால் ஏதோ நடந்ததென்பதாவது தெரியும். இரண்டாவதில் ஒன்றுமே தெரியாது. சில வாரங்கள் கழித்துப் பட்டியல் பிழைத்திருப்பது தெரியவரும்போது காரணத்தைத் தேட ஓரிடமும் இராது. இவ்விரண்டுள் உறைந்து நிற்பதே மேல் என்று நான் எண்ணி வந்தேன். உறைதலுக்கும் ஒரு விலை உண்டென்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டிற்று.

2019ஆம் ஆண்டு, அரச நிறுவனமொன்றின் களஞ்சியக் காப்பாளரான அம்மையார் ஒருவர் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் பெயர் ஈண்டு தேவையற்றது. கணக்காய்வின்போது களஞ்சியத்தில் இருக்க வேண்டிய பொருள்களிற் சில இல்லை எனக் காணப்பட்டது. பெறுமதி பெரிதன்று, ஆயினும் குறைவைக் காப்பாளரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அறவிடத் தொடங்கிவிட்டனர். வேறொரு கிளைக்கு இடமாற்றமும் வந்துவிட்டது. களஞ்சியப் பதிவுகள் பைதனில் எழுதப்பட்ட ஒரு செய்நிரலில் இருந்தன. அச்செய்நிரல் சில வாரங்களுக்கு ஒருமுறை உறைந்து நின்றுவிடும். அப்போது மின்னை நிறுத்தித் திரும்பத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. 'காப்பாளர் இயந்திரத்தை முறைப்படி மூடுவதில்லை' என்று செய்நிரலை வழங்கியோர் எழுத்தில் விடையளித்திருந்தனர். விசாரணைக் குழுவிலிருந்த ஒருவர் என்னை அறிந்தவராதலின், செய்நிரலைப் பார்த்து அபிப்பிராயம் கூறுமாறு கேட்டார்.

அம்மையாரை ஒருமுறைதான் சந்தித்தேன். "சேர், 'பதியப்பட்டது' எண்டு திரையிலை வந்தபிறகுதான் நான் சாமானைக் குடுக்கிறது. அதுக்குப் பிறகு அது எங்கை போகுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். பின்னர் ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். கணனி உறைந்த ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், அவ்வேளை வழங்கிக்கொண்டிருந்த பொருள் என்பன அதில் நீல மையால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எவரும் எழுதச் சொல்லவில்லை; அவராகவே எழுதி வைத்தது. அக்கொப்பி இல்லையாயின் எனது அபிப்பிராயத்திற்குப் பெறுமதி ஏதும் இருந்திருக்காது.

செய்நிரலின் அமைப்பு இதுவே. திரையை நடத்தும் இழை ஒன்று; பதிவுகளைத் தரவுத்தளத்தில் எழுதும் இழை இன்னொன்று. இடையே ஒரு வரிசை. திரை இழை பதிவை வரிசையில் இட்டவுடன் 'பதியப்பட்டது' என்று காட்டிவிடும். எழுதும் இழையோ பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துவைத்து, இருபது சேர்ந்தபின் ஒருமிக்க எழுதும். உறைந்த இயந்திரத்தின் மின் நிறுத்தப்பட்டால் சேர்ந்திருந்தவை அத்தனையும் போய்விடும். பொருள் வெளியே சென்றிருக்கும், பதிவு இராது. ஏட்டின்படி அது இன்னமும் களஞ்சியத்தில் இருக்கும். ஏனைய பிரிவுகளில் இருந்த கேள்விப் படிவங்களை வருவித்து அம்மையாரின் கொப்பியோடு ஒப்பிட்டபோது, காணாமற்போன வழங்கல்கள் எல்லாம் உறைந்த நேரங்களுக்குச் சற்று முந்தியவையாகவே இருந்தன. பதிவுகள் ஏன் தொலைந்தன என்பது இவ்வாறு விளங்கிற்று. செய்நிரல் ஏன் உறைந்தது என்பது விளங்கவில்லை.

அதற்குப் பத்தொன்பது நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பைதனில் 2012இலிருந்து ஒரு வசதி உண்டு: குறித்த நேரத்திற்குள் செய்நிரல் தன் இருப்பை அறிவியாவிடின், எல்லா இழைகளின் அழைப்பு அடுக்குகளையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைப் பொருத்திவிட்டு வந்தேன். இருபதாம் நாள் காலையில் கோப்பு வந்தது. வரிசையில் பதிவொன்றை இடும் செயல்கூறு, அதன் மேலே விழித்தெழச் செய்யும் செயல்கூறு, அதன் மேலே திரைச் சாளரம் ஒன்றின் டெல், அதன் மேலே மறுபடியும் வரிசையில் இடும் அதே செயல்கூறு. ஒரே இழையின் ஒரே அடுக்கில் ஒரே பெயர் இரு தடவை. செய்நிரலின் எழுத்து முழுவதையும் வாசித்தாலும் முதலாவது இரண்டாவதை அழைக்கும் வரி ஒன்றைக் காண முடியாது. அவ்வாறான வரி இல்லை.

நிகழ்ந்தது பின்வருமாறு. மூடப்பட்ட சாளரங்கள் தம் உறுப்புகளையும் உறுப்புகள் தம் சாளரங்களையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுழலாகக் கிடந்தன. பைதன் சாதாரணமாகப் பொருள்களை மீட்பது பற்றுதல்களை எண்ணியே. எண்ணிக்கை பூச்சியமானதும் பொருள் அழியும். சுழலில் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வராது. ஆகவே சுழல்களைத் தேடுவதற்கென்று ஒரு சேகரிப்பானும் உண்டு. பிற பொருள்களைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவற்றுள், ஆக்கப்பட்டவற்றின் தொகை அழிந்தவற்றின் தொகையை 700 ஆல் விஞ்சும்போது அது இயங்கும் என்பது அக்காலத்துப் பதிப்புகளின் வழக்கம். வரிசையில் இடும் செயல்கூறு, பூட்டைப் பிடித்த நிலையில், காத்திருக்கும் மற்ற இழையை எழுப்புவதற்காக ஒரு சிறு பட்டியலை ஆக்குகின்றது. எல்லையைத் தாண்டுவிக்கும் பொருள் மிகப் பெரும்பாலான தடவைகளில் வேறெங்கோ ஆக்கப்படும், தீங்கில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அது இந்தச் சிறு பட்டியலாக அமைந்துவிடும். அப்போது சேகரிப்பு அவ்விடத்திலேயே தொடங்கி, இறந்த சாளரத்தின் டெல்லை அதே இழையில் இயக்கும். அந்த டெல், சாளரம் மூடப்பட்டது என்ற குறிப்பொன்றை அதே வரிசையில் இட முயலும். போம் எழுதியதன் முதலாவது வகை, எழுத்துப் பிசகாமல் நடந்தது.

இதைக் கணக்காளர்களும் நிருவாகத்தினரும் நிறைந்த குழுவிடம் விளக்குவது கண்டுபிடிப்பதிலும் கடினமாயிருந்தது. இறுதியில் இவ்வாறு கூறினேன்: "நீங்கள் காசுப்பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கின்றீர்கள். திறப்பு உங்கள் இடக்கையில் உள்ளது. எண்ணி முடியுமுன், பழைய கணக்கொன்றை முடிக்க வேண்டுமென்று உங்கள் வலக்கை உங்களை அறியாமலே எழுந்து, பெட்டியின் திறப்பைத் தேடுகின்றது. எவரோ திறப்பை வைத்திருக்கின்றார், அவர் தரும்வரை பொறுத்திருப்போம் என்று அது காத்திருக்கின்றது." தலைவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். விசாரணைக் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டும். வரிசையை எழுதியவர் பிழையொன்றும் செய்யவில்லை. அவருடைய பூட்டு பல இழைகளிடையே ஒழுங்காகவே இயங்கியது. டெல்லை எழுதியவர் ஒரு குறிப்பை வரிசையில் இட்டார். தனியே நோக்குமிடத்து அதிலும் பிழையில்லை. இரண்டு பிழையற்ற பகுதிகளைச் சேர்த்துவைத்தது சேகரிப்பான். அறவீடு நிறுத்தப்பட்டது, அறவிட்ட பணம் நீண்ட காலம் கழித்துத் திரும்பிற்று, இடமாற்றம் இடமாற்றமாகவே இருந்துவிட்டது.

பைதனின் பரிபாலகர்கள் இவ்விடரை அறியாதவர் அல்லர். 2018இல் வெளிவந்த 3.7ஆம் பதிப்பில் எளிய வரிசை ஒன்றைச் சேர்த்தனர். அதில் இடும் செயலின் நடுவே மறுபடி இட்டாலும் உறையாது என்றும், இறுதிச் செயல்களில் பயன்படுத்த ஏற்றது என்றும் கையேட்டிலேயே எழுதினர். களஞ்சியத்துச் செய்நிரல் அதற்கு முந்திய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் 3.12ஆம் பதிப்பு, பொருள் ஆக்கப்படும் கணத்திலேயே சேகரிப்பதை விடுத்து, கட்டளைகளுக்கு இடைப்பட்ட வேளைகளில் மட்டும் சேகரிக்குமாறு மாற்றிற்று. இம்மாற்றம் நோயைத் தீர்த்துவிட்டதென்று சிலர் எண்ணுகின்றனர். பழைய வரிசை பைதனிலேயே எழுதப்பட்டது; பூட்டைப் பிடித்திருக்கும்போதும் அதனுள்ளே கட்டளைகளுக்கு இடைப்பட்ட வேளைகள் பல உள. ஆதலின் நோய் தீர்ந்ததென்று கொள்வதற்கில்லை.

அப்படியாயின் இறுதிச் செயல்களைத் தனியொரு இழையில் இயக்குவதே தகும். போமின் முடிபும் அதுவே. ஜாவாவின் வரைவிலக்கணம் எந்த இழை என்பதைக் கூறாது விடினும், இயக்கும் இழை அவ்வேளை எழுதுபவருக்குப் புலப்படும் பூட்டு எதையும் பிடித்திராது என்று உறுதியளிக்கின்றது. களஞ்சியத்துச் செய்நிரல் ஜாவாவில் இருந்திருப்பின் இறுதிச் செயல் சற்றுக் காத்திருந்து, பூட்டு விடுபட்டதும் தன் வேலையை முடித்திருக்கும். ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரே இழையென நம்பி எழுதிய செய்நிரல், ஓர் இறுதிச் செயலைச் சேர்த்த அக்கணமே பல இழைச் செய்நிரலாகிவிடுகின்றது. பூட்டே தேவையில்லை என்றிருந்த பட்டியல்களுக்கெல்லாம் பூட்டு வேண்டும். மேலும், ஓர் இழை எழுதிய பெறுமானம் மற்றோர் இழைக்கு உடனே புலப்படும் என்பதற்கும் உறுதியில்லை. 2004இல் திருத்தப்பட்ட ஜாவா நினைவக விதிகளின்படி, பொருளின் ஆக்கி செய்து முடித்தவை இறுதிச் செயலுக்குப் புலப்படும். அதற்குப்பின் அப்பொருளில் எழுதியவை, தகுந்த ஒத்திசைவு இல்லாவிடின், புலப்படும் என்று விதி கூறவில்லை.

இவையனைத்திலும் விந்தையானது இனிச் சொல்லப்போவது. பொருளொன்றின் செயல்கூறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பொருள் இறந்ததாகக் கொள்ளப்படலாம். முதன்முறை கேள்விப்படும் எவரும் இதை நம்புவதில்லை. கோப்பின் எண்ணைத் தாங்கிய பொருள் ஒன்று. அதன் செயல்கூறு, எண்ணை எடுத்துக்கொண்டு, அவ்வெண்ணுக்குரிய கோப்பில் எழுதுமாறு இயக்க முறைமையை அழைக்கின்றது. எண்ணை எடுத்த கணத்திற்குப்பின் பொருள் தேவையில்லை. தொகுப்பி இதைக் கவனித்து, பொருளை எவரும் பற்றியிருக்கவில்லை என்று சேகரிப்பானுக்கு உணர்த்துகின்றது. சேகரிப்பான் அதை இறந்ததென்று கொள்ள, வேறோர் இழை அதன் இறுதிச் செயலை இயக்கிக் கோப்பை மூடிவிடுகின்றது. மூடிய கோப்பில் எழுத முயன்று தவறுவதோடு நின்றால் நல்லது. இயக்க முறைமைகள் மூடிய எண்ணைப் புதிதாகத் திறக்கும் கோப்புக்குக் கொடுப்பது வழக்கம். இடையே இன்னோர் இழை வேறு கோப்பைத் திறந்திருப்பின், எழுத்து அந்த வேற்றுக் கோப்பினுள் போய் விழும். களஞ்சியத்தில் பதிவுகள் தொலைந்தன. இங்கே அவை அயலாரின் ஏட்டில் இருக்கும். ஜாவாவின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. சீ சார்ப்பிலும் கோ மொழியிலும் இதுவே நிலை. 'இவ்விடம் வரை இப்பொருளை உயிருடன் வை' என்று சொல்வதற்கென்றே ஒரு செயல்கூறு சீ சார்ப்பில் உண்டு. கோ அதை 2016இலும், ஜாவா 2017இலும் சேர்த்துக்கொண்டன. உயிரோடிருப்பவர் தாம் உயிரோடிருப்பதாக ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டிய நிலை. ஓய்வூதியம் பெறுவோருக்கு இது புதிதன்று.

ஜாவா நூல்களுள் மிகுந்த மதிப்புடைய ஒன்றை எழுதிய ஜோஷுவா புளொக், 2001இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இறுதிச் செயல்களைத் தவிர்க்குமாறு எழுதினார். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில், தமது கணனியில் எளிய பொருளொன்றை ஆக்கி முறைப்படி மூடி மீட்க 12 நனோ விநாடியும், அதையே இறுதிச் செயலோடு செய்ய 550 நனோ விநாடியும் ஆனதாகக் குறிப்பிடுகின்றார். ஜாவாவின் பரிபாலகர்கள் 2017இல் பைனலைசை விலக்கத் தக்கது என அறிவித்தனர். 2022இல் 18ஆம் பதிப்பில், நீக்கும் நோக்கத்துடனேயே விலக்குவதாக மறுபடி அறிவித்தனர். பதிலாக அவர்கள் தரும் துப்புரவாளன் என்னும் ஏற்பாட்டில், கிரியை செய்பவர் இறந்த பொருளைத் தொடவே முடியாது. முன்னரே எழுதி வைத்த குறிப்பை மட்டுமே அறிவார். உயிர்த்தெழுதல் இதனால் ஒழிந்தது. கோ 2025இல் 1.24ஆம் பதிப்பில் இத்தகைய ஒன்றையே சேர்த்தது. எந்த இழை, எப்போது என்னும் வினாக்கள் இவற்றாலும் ஒழியவில்லை.

என் மனத்துக்கு உகந்த தீர்வு இவற்றிலும் பழையது. 1993இல் டிப்விக், புறுக்கெமன், ஈபி ஆகிய மூவரும் ஸ்கீம் மொழிக்காகக் காவலர் என்ற ஏற்பாட்டை முன்வைத்தனர். சேகரிப்பான் எவருடைய இறுதிச் செயலையும் இயக்காது. இறந்தவற்றைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். தனக்கு வசதியான நேரத்தில், பூட்டு எதையும் பிடித்திராத வேளையில், செய்நிரலே காவலரிடம் சென்று யாரேனும் வந்திருக்கின்றார்களா என்று கேட்கும். வந்திருந்தால் வேண்டியதைத் தன் இழையிலேயே செய்யும். யார், எப்போது, எங்கே என்ற மூன்றுக்கும் விடை மீண்டும் செய்நிரலின் எழுத்திலேயே கிடைக்கின்றது. ஜாவாவிலும் ஆவிப் பற்று எனப் பொருள்படும் ஏற்பாடொன்றைக் கொண்டு 1998 முதல் ஏறத்தாழ இதைச் செய்யலாம்; செய்தவர் சிலரே. கேட்டு அறியும் பொறுப்பைச் சுமப்பதைவிடத் தானாக நடக்கும் ஒன்றை நம்புவது எளிதாயிருப்பதே காரணமாகலாம்.

நாளாந்த வேலைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்த தொகுதியிலேயே அதை மூடுவிக்கும் தொடரமைப்புப் பைதனில் 2006 முதலும் ஜாவாவில் 2011 முதலும் உண்டு. சீ சார்ப்பில் தொடக்கத்திலிருந்தே உண்டு. பெரும்பாலான தேவைகளுக்கு அதுவே போதும். பல இழைகள் பகிர்ந்துகொள்ளும் பொருள்கள்தாம் அதற்குள் அடங்குவதில்லை. அவற்றிலே சீ பிளஸ் பிளஸ் மொழியும் முழு நிம்மதியைத் தருவதாகச் சொல்ல முடியாது. அங்கே 2011இன் நியமத்திற் சேர்ந்த பகிர்வுச் சுட்டியைப் பயன்படுத்தினால், கடைசியாகக் கைவிடும் இழை எதுவோ அதிலேயே அழிப்பான் இயங்கும். கடைசியாகக் கைவிடுபவர் யார் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.

ஜாவாவின் 18ஆம் பதிப்பில், பைனலைஸ் எதனையும் இயக்காமலே செய்நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு தெரிவு வைத்திருக்கின்றார்கள். பழைய செய்நிரலொன்று எந்த அளவிற்கு அதை நம்பியிருந்தது என்பதைக் காண்பதற்காக வைத்தது. இவ்வாண்டு மூன்றாம் வருட மாணவருக்கு, தாம் முன்னர் எழுதிய செய்நிரல்களை அத்தெரிவோடு ஒரு வாரம் ஓட்டி, மூடப்படாது கிடக்கும் கோப்புகளை எண்ணி வருமாறு பயிற்சி கொடுத்துள்ளேன். ஒப்படைக்கும் நாள் இன்னும் வரவில்லை.